நாளை ரத்து

ஷண்முகப்ரியா எங்கள் ஃபேக்டரிக்கு வந்த மூன்றாம் நாளே அஜய் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டான்.

டீ ஃபேக்டரியில் ஒருவருக்கு டீ கொடுப்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். அஜய் போடும் டீ வேறு. காலையில் ட்ரையரின் வாயிலிருந்து விழும் முதல் தூளில் ஒரு கரண்டி எடுத்து, அதன் சூடு ஆறுவதற்குள் வெந்நீரில் போட்டு, பால் இல்லாமல் கண்ணாடி டம்ளரில் வடித்துக் கொண்டுவருவான். செம்பு நிறத்தில் இருக்கும். இரண்டு வருடங்களாக அந்த டம்ளர் என் மேசைக்கு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இரண்டு டம்ளர்கள் வந்தன. முதலாவதை அவள் மேசையில் வைத்துவிட்டு இரண்டாவதை என்னிடம் கொண்டுவந்தான். அவளுடைய மேசை கதவுக்குப் பக்கத்தில் இருந்ததால் அப்படி வைத்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

ஃபேக்டரி நீலகிரியில் கட்டபெட்டுக்குக் கீழே இருந்தது. எங்களுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புவோம். அது 2006. தேயிலை விலை விழத் தொடங்கி எட்டு வருடங்கள் ஆகியிருந்தன. சுற்றுவட்டாரத்தில் மூன்று ஃபேக்டரிகளை மூடிவிட்டதால் அங்கே போகவேண்டிய இலையும் எங்கள் வாசலுக்கே வந்தது. மழைக்காலத்தில் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும். இலையைக் காற்றில் வாட்டும் எங்கள் வாடல் தொட்டிகளில் இடம் இருக்காது. அதனால் ஒவ்வொரு விவசாயிக்கும் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை முறைநாள் வைத்தோம். அந்த நாள் தப்பினால் பறித்த இலை மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்துபோகும். இல்லாவிட்டால் கட்டபெட்டு முக்கில் ஜீப்போடு காத்திருக்கும் ஏஜெண்டுகள் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டும்.

அந்த முறைநாள்களுக்கான இணையதளத்தை எழுதியது நான். என் பெயர் இந்து. ஊட்டி காந்தலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். அஜய் இலை கிளார்க். காலை எட்டு மணிக்குத் தன் பெயரில் தளத்துக்குள் நுழைந்து, முறைகளைப் போடுவது, மாற்றுவது எல்லாம் அவன்தான். ட்ரையர் பழுதாகும் நாளுக்காக அதில் 'நாளை ரத்து' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அதை அழுத்தினால் மறுநாள் முறை உள்ள எல்லோருடைய செல்போனுக்கும் 'நாளை இலை எடுக்கப்படாது' என்று செய்தி போய்விடும். யார் எத்தனை மணிக்கு அழுத்தினார்கள் என்பதைத் தளம் குறித்துவைத்துக்கொள்ளும். ஒரே மாலையில் எழுதி முடித்த பொத்தான். வேலை செய்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அஜய்யின் அப்பா வேலை பார்த்த எஸ்டேட் போன வருடம் மூடிவிட்டது. எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி இன்னும் யாரும் வரவில்லை என்பதால் அங்கேயே இருந்தார்கள். ஐந்து பேர் இருந்த வீட்டில் வேலை என்று ஒன்று இருந்தது அஜய்க்கு மட்டும்தான். அவனும் நானும் எங்களுக்குள் எதுவும் பேசிக்கொண்டதில்லை. பேசாமல் இருந்ததையே பேசியதாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஷண்முகப்ரியா கோயமுத்தூர்க்காரி. எங்கள் தளத்தில் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று ஒரு மாதம் உட்கார்ந்து பார்ப்பதற்காக முதலாளி ஒரு கம்பெனியிடம் சொல்லி அவளை வரவழைத்திருந்தார். பெர்ன்ஹில்லில் பெரியம்மா வீட்டில் தங்கிக்கொண்டு என் பஸ்ஸிலேயே வந்தாள். எனக்கு முன்பே ஏறிவிடுவாள். ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவைத்து, நான் ஏறியதும் எழுந்து எனக்கு விட்டுக்கொடுப்பாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவரை வெறுக்க வேண்டும் என்று தீர்மானித்த பிறகு அவர் நல்லவராக இருப்பது பெரிய தொந்தரவு.

இரண்டாவது வாரம் அவள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள். மேனேஜர் கருணாகரன், நான், அஜய் மூவரையும் வைத்துக்கொண்டு அதை விளக்கினாள். மேனேஜருக்குக் கணினி என்றாலே பதற்றம். அதனால் அவள், விவசாயிகளுக்கு எடை எழுதிக் கொடுக்கும் இலைச் சீட்டை உதாரணமாக எடுத்துக்கொண்டாள்.

"அஜய் ஒரு கட்டு சீட்டுல கையெழுத்துப் போடறாருன்னு வெச்சுக்கோங்க. நடுவால வேற யாரோ எழுதுன சீட்டு ஒண்ணைச் சொருகி விட்டா, அவரு அதுலயும் போட்டுருவாரு. கையெழுத்து அவரோடதுதான். ஆனா அவரு சொன்னதில்லீங்க அது. நம்ம தளம் கையெழுத்தை மட்டுந்தான் பாக்குது. சீட்டு எங்கிருந்து வந்துதுன்னு கேக்கறதே இல்லை."

அதாவது, அஜய் எங்கள் தளத்துக்குள் நுழைந்திருக்கும்போதே வேறு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். அந்தப் பக்கத்துக்குள் யாராவது எங்கள் தளத்துக்கான கட்டளையை ஒளித்துவைத்திருந்தால், அவனுடைய கணினியே அவன் பெயரில் அதை அனுப்பிவிடும். அவன் எதையும் அழுத்த வேண்டியதில்லை. அவனுக்குத் தெரியவும் தெரியாது. இதற்கு மாற்று, எங்கள் தளம் காட்டும் ஒவ்வொரு படிவத்துக்குள்ளும் ஒரு ரகசிய எண்ணை வைப்பது. உள்ளே நுழையும் ஒவ்வொரு தடவையும் எண் மாறும். வெளியிலிருந்து கட்டளையை ஒளித்துவைப்பவனுக்கு அந்த எண் தெரியாது. எண் இல்லாமல் வரும் கட்டளையைத் தளம் தள்ளிவிடும்.

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு அது தெரிந்தது. அஜய் கன்னத்தில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தத் தளத்தை எழுதிய ஆறு மாதங்களில் ஒரு நாள்கூட அவன் அப்படி உட்கார்ந்து என்னிடம் எதையும் கேட்டதில்லை.

எல்லாப் படிவங்களையும் மாற்ற மூன்று வாரம் ஆகும், மழைக்காலத்தில் தளத்தில் கைவைத்தால் முறைகள் குழம்பிவிடும், மழை முடியட்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். உண்மையில் மூன்று நாள் போதும். மேனேஜர் என் பேச்சைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். மூன்று நாள் வேலை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அவர் முன்னால் அதைச் சொல்லவில்லை. இந்தப் பெருந்தன்மையும் என் வெறுப்பின் கணக்கில்தான் ஏறியது.

நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பொறாமைப்படுகிறவர்கள் பனியில் தனியாக வெகுதூரம் நடந்துபோவார்கள். அல்லது கடிதங்களை எரிப்பார்கள். எனக்கு எரிப்பதற்குக் கடிதம் இல்லை. மழையில் நடக்கப் போனால் காலில் அட்டை ஏறும். எனக்குத் தெரிந்தது இணையப் பக்கம் எழுதுவது. அதைச் செய்தேன்.

போன ஜனவரியில் காந்தலில் கடும் உறைபனி பெய்த ஒரு காலையில் மைதானத்துப் புல் முழுக்க வெள்ளையாகிக் கிடந்ததைப் படம் எடுத்திருந்தேன். சூரியன் வந்து அரை மணி நேரத்தில் எல்லாம் கரைந்துவிட்டது. அந்தப் படத்தை என்றாவது அஜய்க்குக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். ஷண்முகப்ரியா உறைபனியைப் பார்த்ததே இல்லை என்று பஸ்ஸில் பலமுறை சொல்லியிருந்தாள். இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் அந்தப் படத்தைப் போட்டு ஒரு பக்கம் செய்தேன். படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இன்னொரு படம். அதற்கு நான் கொடுத்த முகவரி எந்தப் படத்துடையதும் இல்லை. எங்கள் 'நாளை ரத்து' பொத்தானுடையது. பக்கம் திறந்ததும் படத்தைத் தேடிக் கணினி அந்த முகவரியைத் தானே தொடும்; எங்கள் தளத்துக்கு அது பொத்தானை அழுத்தியதற்குச் சமம்.

சோதனைக்காக மேனேஜர் அவளுக்கும் கிளார்க்குக்கு உள்ள அனுமதியைக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை மதியம் பக்கத்தின் முகவரியை அவளுக்கு மெயிலில் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் முறை கிடையாது. அதனால் ஒரு விவசாயிக்கும் செய்தி போகாது, ஒரு இலையும் வாடாது. ஆனால் பதிவில் மட்டும் ஷண்முகப்ரியா 'நாளை ரத்து' அழுத்தியதாக இருக்கும். ஓட்டை பார்க்க வந்தவளே கண்ட பொத்தானை அழுத்துகிறாள் என்று திங்கட்கிழமை மேனேஜரிடம் காட்டுவேன். அவள் ஊருக்குப் போய்விடுவாள். இவ்வளவுதான் என் திட்டம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காந்தல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதிவைப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவளாகவே சொன்னாள். படம் அத்தனை அழகாம். மாவைக் கொட்டி வைத்தது மாதிரி இருந்ததாம். சனிக்கிழமையே பார்த்துவிட்டாளாம். ஆபீஸ் தளம் திறந்திருக்கும்போதா பார்த்தாய் என்று கேட்க முடியாது. வேறு எதையோ கேட்பது போல அவள் மெயில் பார்க்கும் பழக்கத்தைக் கேட்டேன். மற்ற எல்லாத் தளத்திலிருந்தும் வெளியே வந்துவிட்டுத்தான் மெயிலையே திறப்பாளாம். தொழில் பழக்கம் என்று சிரித்தாள்.

எங்கள் ஆபீஸில் அந்தப் பழக்கம் யாருக்கும் கிடையாது. டெலிபோன் ஒயர் வழியாக வரும் இணையம்; ஒரு தடவை உள்ளே நுழையவே நாலு நிமிடம் ஆகும். காலையில் நுழைந்தால் மாலையில் விளக்கை அணைக்கும்வரை அப்படியே இருக்கும். அஜய் எடை போடப் போகும்போதும் கணினி அவன் பெயரிலேயே திறந்துகிடக்கும். இது தெரிந்தும் அந்தப் பக்கத்தை நான் அன்றே எடுக்கவில்லை. அவளும் ஒரு நாள் மறப்பாள், அடுத்த சனிக்கிழமை ஒன்று இருக்கிறது என்று விட்டுவைத்தேன்.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் கோத்தகிரியில் எங்கள் இலை சேகரிப்பு மையத்தில் ஒரு கணினி வேலை. அதை முடித்துவிட்டு அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை நான் வந்தபோது எடை மேடை காலியாக இருந்தது. மழைக்கால வியாழக்கிழமையில் அந்த மேடை அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. வாடல் தொட்டிகளில் காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ட்ரையருக்கு விறகு போட்டுவிட்டு ஆட்கள் சும்மா நின்றிருந்தார்கள். முப்பத்தெட்டு பேருக்கு முறை. ஒருவரும் வரவில்லை. வந்தது சாந்தாமணி மட்டும்.

சாந்தாமணி கட்டபெட்டுக்கு மேலே முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர். புருஷன் இல்லை. நாலு பொம்பளையாட்களைக் கூலிக்கு வைத்து புதன்கிழமை முழுக்க மழையில் பறித்திருக்கிறார். சாயந்திரம் வீட்டுக்குப் போய் போனை எடுத்தால் நாளை இலை இல்லை என்று செய்தி. பாதியை முக்கில் நின்ற ஏஜெண்டிடம் தள்ளிவிட்டு, மீதி இரண்டு மூட்டையைக் காலையில் தலைச்சுமையாகத் தூக்கி வந்திருந்தார். மூட்டையை அவிழ்த்து மேனேஜர் முன்னால் கொட்டினார். குவியலுக்குள் கைவிட்டால் சுட்டது. இலை செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது.

மேனேஜர் பதிவை எடுக்கச் சொன்னார். எடுத்தது நான்தான். 'நாளை ரத்து. புதன், மாலை 3.10. அஜய்.'

அதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. குற்ற உணர்ச்சியும் இல்லை. மூன்று பத்துக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் முதலில் வந்தது. அஜய் மேசையின் அந்த ஒரே திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட இடம் இல்லை. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

தான் அழுத்தவில்லை என்றான் அஜய். மேனேஜர் அவனை நம்பவில்லை. புதன் சாயந்திரம் முக்கில் வழக்கத்தைவிட இரண்டு ஜீப் அதிகமாக நின்றதாகச் சாந்தாமணி சொல்லியிருந்தார். மூன்று ஃபேக்டரி மூடிய ஊரில் ஜீப்புகள் தினமும்தான் கூடிக்கொண்டிருந்தன. ஆனால் அன்று அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

"ஏஜெண்டுகாரன் உனக்கு என்ன குடுத்தான்?" என்று கேட்டார் மேனேஜர்.

"சார், எங்கப்பாவைத் தெரியுமில்லீங்க உங்களுக்கு" என்றான் அஜய்.

"அப்பாவைத் தெரிஞ்சதாலதான் வேலையே குடுத்தேன்."

நாளை காலை குன்னூரிலிருந்து முதலாளி வருவார், அதற்குள் உண்மையைச் சொன்னால் வேலையை மட்டும் விட்டுப் போகலாம், இல்லாவிட்டால் போலீசுக்கு எழுதிக் கொடுப்பேன் என்றார். எப்படியும் வேலை போகும். ஏஜெண்டிடம் கைநீட்டினவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் நீலகிரியில் வேறு எந்த ஃபேக்டரியும் அவனை இலைப் பக்கம் விடாது.

அஜய் வெளியே போய்க் காலி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தான். நான் பின்னாலேயே போனேன். நேற்று மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அவன் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"ஒண்ணுமில்லீங்க இந்து. ப்ரியா என் கம்ப்யூட்டர்ல ஒரு படம் காட்டினாங்க. புல்லு மேல பனி. காந்தல் பக்கம்னாங்க." அந்த நிலைமையிலும் அவன் முகத்தில் ஒரு நொடி அந்தப் படம் வந்துபோனது. "அவ்வளவு நல்லா இருந்துதுங்க."

படத்தை எடுத்தது நான் என்று அவள் சொல்லவில்லையா, அல்லது சொல்லி இவன் மறந்துவிட்டானா? அதைத்தான் நான் அப்போது யோசித்தேன். அவனுடைய வேலையைப் பற்றி யோசிக்கவில்லை. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உள்ளே வந்து என் கணினியில் அந்த இலவசத் தளத்தைத் திறந்தேன். ஒரு தடவை அழுத்தினால் பக்கம் அழிந்துவிடும். பிறகு அங்கே உறைபனியும் இருக்காது, அதற்கு அடியில் இருப்பதும் இருக்காது. பதிவில் அஜய் பெயர் மட்டும் மிஞ்சும். அழிக்கவா என்று தளம் கேட்டது. அந்தக் கேள்வியின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

ஷண்முகப்ரியா என் பின்னால் வந்து நின்றாள். திரையை மாற்றிவிட்டேன். அவள் பார்த்தாளா என்று தெரியாது.

அஜய் பொய் சொல்லவில்லை என்று தனக்குத் தோன்றுகிறது, தான் போன வாரம் சொன்ன ஓட்டை வழியாகத்தான் இது நடந்திருக்க வேண்டும் என்றாள். நேற்று மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை அவன் கணினியில் என்னென்ன பக்கங்கள் திறந்தன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறாளாம். நாலைந்துதான் இருக்குமாம். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

"அந்தப் பனிப் படம், இந்து, அதை எந்தத் தளத்துல போட்டிருந்தீங்க?"

ஞாபகம் இல்லை என்றேன். பரவாயில்லை, மெயிலில் முகவரி இருக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேடையில் உட்கார்ந்திருந்த அஜய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் இயந்திரங்கள் ஓடாத ஃபேக்டரியில் எல்லாம் காதில் விழுந்தது.

"பயப்படாதீங்க. சாயந்திரத்துக்குள்ள நான் கண்டுபிடிச்சிருவேனுங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இருட்டில் வழி தவறியவன் யாரோ டார்ச் கொண்டுவருவதைப் பார்க்கும் பார்வை.

சாயந்திரம் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவள் கண்டுபிடிப்பாள். மேனேஜர் அறைக்குள் போவாள். வெளியே வந்து அவனிடம் சொல்வாள். வேலையையும் பெயரையும் அவன் அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வான். ஆயுசு முழுக்க அதை மறக்கமாட்டான். நாளைக்கும் நாளை மறுநாளும் ட்ரையரின் முதல் தூள் யாருக்குப் போகும் என்பதில் அதற்குப் பிறகு சந்தேகமே இருக்காது.

அவனைக் காப்பாற்றுவது அவளாக இருக்கக் கூடாது.

எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். நல்ல மனதோடு போகவில்லை. எதற்காகப் போனேன் என்பதை மாற்றிச் சொல்லிக்கொள்ளப் பிறகு பலமுறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

மேனேஜருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. ஷண்முகப்ரியா சொன்ன இலைச் சீட்டு உதாரணத்தைத்தான் நானும் சொல்ல வேண்டியிருந்தது. சீட்டைச் சொருகியது நான் என்றேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, படத்துக்குக் கீழே ஒளித்திருந்த முகவரியை அவருக்குக் காட்டினேன். அதன் கடைசியில் இருந்த 'நாளை ரத்து' அவருக்கும் படிக்க முடிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு பேரையும் கூப்பிடச் சொன்னார்.

அவர்கள் வந்து நின்றதும் முழுவதையும் இன்னொரு தடவை சொன்னேன். ஷண்முகப்ரியாவின் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதில் நான்கு முகவரிகள் எழுதி, மூன்றை அடித்திருந்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அஜய் மட்டும் கேட்டான். "எம் பேருல வரும்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாது. அவங்க பேருல வரும்னுதான் நெனச்சேன்."

"அப்படின்னா, அவங்க பேருல வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க."

பதிலுக்காக அவன் நிற்கவில்லை. எடைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

முதலாளியிடம் மேனேஜர் போனில் பேசினார். வெள்ளிக்கிழமை முறை உள்ளவர்களோடு வியாழக்கிழமைக்காரர்களையும் வரச் சொல்லி எல்லோருக்கும் போன் செய்தார். எனக்கு மூன்று தண்டனைகள். நாளை காலை எடை மேடையில் நின்று விவசாயிகளிடம் நானே நடந்ததைச் சொல்ல வேண்டும். ஷண்முகப்ரியாவோடு உட்கார்ந்து எல்லா ஓட்டையையும் அடைக்க வேண்டும். அது முடிந்த அன்று வேலையை விட்டுப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. மேடையைச் சுற்றி எழுபது பேருக்கு மேல் நின்றார்கள். தலையோடு முதுகை மூடும் பிளாஸ்டிக் கொங்காணி போட்டவர்கள், குடை பிடித்தவர்கள், சாக்கைத் தலையில் கவிழ்த்தவர்கள். நான் தராசுக்குப் பக்கத்தில் ஏறி நின்றேன். இணையம், பக்கம், கட்டளை என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒருவர், அதெல்லாம் வேண்டாம், யார் செய்தது என்று சொல்லு என்றார். நான்தான் செய்தேன், அஜய் செய்யவில்லை, அஜய் ஏஜெண்டிடம் எதுவும் வாங்கவில்லை என்றேன்.

சாந்தாமணி முன்னால் வந்தார். அன்று அவரிடம் மூட்டை இல்லை. இனி அவருக்குக் கொழுந்து வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். சும்மா பார்க்க வந்திருந்தார்.

"ஏஞ் செஞ்சே அம்மிணி? எங்க மேல என்ன கோவம்?"

"உங்க மேல இல்லீங்க."

"அப்பறம் யாரு மேல?"

ஷண்முகப்ரியா ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். அஜய் என் பக்கத்தில் எடைப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் நின்றான். பொய் சொல்லியிருக்கலாம். சோதனைக்காகச் செய்தேன் என்று சொன்னால் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அந்தப் பொண்ணு மேலங்க" என்றேன். "பொறாமை."

சாந்தாமணி வாசலைப் பார்த்தார். பிறகு அஜய்யைப் பார்த்தார். பிறகு என்னை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இணையதளத்தைப் புரிய வைக்க மேனேஜருக்கு அரை மணி நேரம் ஆனது. இது சாந்தாமணிக்கு ஒரு நொடியில் புரிந்தது.

"அதுக்கு உனக்கு எங்க எலதான் கெடச்சுதா, கண்ணு?"

கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அந்த இடத்திலேயே கரைந்துபோகலாம் போலிருந்தது. அவரே தொடர்ந்து, அந்த ரெண்டு மூட்டைக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். பறித்த நாலு ஆளின் கூலி என் கடைசிச் சம்பளத்திலிருந்து போகும் என்று மேனேஜர் சொன்னார். சாந்தாமணி தலையாட்டிவிட்டு, அடுத்த முறைக்குத் தன் பெயரை முதலில் போடும்படி அஜய்யிடம் சொல்லிப் போனார். அஜய் குறித்துக்கொண்டான்.

எடை தொடங்கியது. மழை வலுத்து, புத்தகத்தின் மேல் சாரல் அடித்தது. ஷண்முகப்ரியா வாசலிலிருந்து ஒரு குடையோடு வந்தாள். குடையை அஜய்க்கு மேலே அல்ல, புத்தகத்துக்கு மேலே பிடித்தாள். அவன் எழுதினான், அவள் பிடித்தாள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே போனேன்.

வேலை மூன்று நாள்தான். மொத்தம் இருபத்தோரு படிவங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ரகசிய எண்ணை வைத்தேன். ஷண்முகப்ரியா வெளியிலிருந்து பொய்க் கட்டளை அனுப்பிப் பார்த்தாள். வெறும் முகவரியைத் தொட்டால் எதுவும் நடக்காதபடி 'நாளை ரத்து' பொத்தானை மாற்றி, அதற்கு மட்டும் கிளார்க் தன் கடவுச்சொல்லை இன்னொரு தடவை தட்ட வேண்டும் என்று வைத்தோம். வேலையைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை, பதினைந்தாவது படிவமா பதினாறாவதா என்று ஞாபகமில்லை, அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மழை முடியட்டும்னு நீங்க சொன்ன அன்னைக்கே நான் மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கணுமுங்க, மூணு நாள் போதும்னு. உங்க வேலையாச்சேன்னு விட்டுட்டேன்."

அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மாலை கடைசிப் படிவத்தையும் முடித்தோம். அவள் வெளியிலிருந்து கட்டளை அனுப்பினாள். தளம் தள்ளிவிட்டது. இன்னொரு விதத்தில் அனுப்பினாள். அதையும் தள்ளிவிட்டது. ஓட்டைகளை அடைத்தாகிவிட்டது என்று எழுதிய ஒரு காகிதத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினாள். நானும் கையெழுத்திட்டேன். மேனேஜரிடம் கொடுப்பதற்கு முன் இலை கிளார்க்கும் போட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு எடை மேடைக்குப் போனேன்.

அஜய் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகுதான் பேனாவைத் திறந்தான்.

"கடைசி பஸ் அஞ்சே முக்காலுக்குங்க, மேடம்" என்றான். "போயிருங்க."

இரண்டு வருடங்களில் அவன் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை. காகிதத்தை வாங்கி மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு, என் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினேன்.